அடிச் சிலிண்டரில் எண்ணெய்

கல்லூரி முற்றத்தில் இரும்புத் தாங்கியின் மேல் பழைய விமான இஞ்சின் ஒன்று நின்றது. நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக ஏழு சிலிண்டர்கள், முன்னால் மரக் காத்தாடி. தண்ணீர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். தாளாளர் அரங்கநாதன் ஏலத்தில் எடுத்துவந்து போட்டதை, வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பழுது பார்க்கும் கலையரசன் ஒரு வருஷமாக உயிரைக் கொடுத்துச் சரிசெய்திருந்தார். கூடவே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் ஆய்வக உதவியாளர் ரம்யா.

வெள்ளிக்கிழமை. முதல்முறையாக ஊரார் முன் ஓடப்போகிறது. காத்தாடிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சிறப்பு விருந்தினர் தாமதமாகத்தான் வந்தார்.

"யோவ் கலை, சட்டுனு போடுய்யா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்" என்றார் அரங்கநாதன்.

"காத்தாடிய ரெண்டு சுத்து கையால சுத்திட்டுப் போட்டுடுறேங்க."

"மால போட்டு சூடம் காட்டியாச்சு. இனிமே இன்னாத்த சுத்துற? சாமி மாலய அத்து கீழ போடவா?"

கூட்டம் சிரித்தது. கலையரசன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்விட்சில் கை வைத்தார்.

ரம்யாவுக்குத் தெரியும். ஓடாமல் நிற்கும் இஞ்சினில் எண்ணெய் வடிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கும். காற்றைப்போல எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஓட்டினால் உள்ளே பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். மாற்றுத் தண்டு எங்கும் கிடைக்காது. சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

நடந்துபோய்க் காத்தாடியின் முன் நின்றாள். மாலையைக் கழற்றினாள். வைக்க இடம் தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள்.

"பொண்ணு ரெடி, மாப்ள எங்கடா?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

கலையரசன் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவள் காத்தாடியைப் பிடித்து இழுத்தாள். நகர்ந்தது. அரைச் சுற்றில், சுவரில் மோதியதுபோல் நின்றுவிட்டது.

கலையரசன் ஓடிவந்து அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினார். கறுப்பு எண்ணெய் அவருடைய புது வேட்டியில் கொட்டியது.

"போயிருக்குமே ரம்யா. இத்தோட போயிருக்குமே" என்றார்.

பத்தரை தாண்டிவிட்டது. திருக்கோவிலூரில் வேறு விழா என்று விருந்தினர் கிளம்பிவிட்டார். அவரை வழியனுப்பிவிட்டு வந்த அரங்கநாதன் தரையில் கிடந்த எண்ணெயைக் குனிந்து பார்த்தார்.

"இம்மாம் எண்ணெயா உள்ள இருந்துச்சு? நான்தான் அவசரப்பட்டுட்டேன் கலை. போய் சாப்புடுங்க. பன்னண்டுக்கு மேல போட்டுக்கலாம்."

பன்னிரண்டுக்கு மேல் இஞ்சின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிறகு ஏழும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. கலையரசன் சிரித்துக்கொண்டே ஏதோ கத்தினார். அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ரம்யாவும் பதிலுக்குத் தொண்டை வலிக்கக் கத்தினாள்.