கோட்டை மண்டபத்தில் ஓர் அந்தாதி

அடுத்த மாதம் பதினோராம் நாள் அறுவைச் சிகிச்சை. கட்டியை எடுக்கையில் மனைவியின் இடச்செவியும் போய்விடும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வலச்செவி முன்பே போயிற்று. ஆகவே கண்ணாடிக்கடைக்காரர் அவளைப் பழங்கோட்டைக்கு அழைத்துவந்தது சுற்றிப் பார்ப்பதற்கு அன்று. இருபத்தாறு ஆண்டு கூட வாழ்ந்தும், அவர் தனித்துப் பாடி அவள் கேட்டதில்லை. இன்று ஒருமுறை கேட்டுவிடவேண்டும். அதை அறிந்தே அவருடைய பாட்டுக்குழுவினர் முதற்குரலை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தனர்.

ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பயின்றுவரும் அறுவர் குழு அது. வெளியே பாடுவது அன்றே முதல்முறை. கஞ்சிரா வாசிக்கும் பல் டாக்டர் வேனில் வாய் ஓயாமல் வந்தார்.

"ஏங்க, வெந்நீர் குடிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"வெந்நீர் எதுக்கு அண்ணி? தைரியம் இருந்தா அதுல ஒரு டம்ளர் ஊத்திக் குடுங்க."

"என்ன சொன்னீங்க தம்பி?" என்று அவள் இடச்செவியைத் திருப்பினாள்.

டாக்டர் உரக்கத் திரும்பச் சொன்னார். இரண்டாம் முறை எவரும் சிரிக்கவில்லை.

கோட்டையின் அரசவை மண்டபத்தில் முப்பது நாற்காலிகள் போட்டிருந்தனர், பதினொருவர் அமர்ந்திருந்தனர். மழை ஊறிக் கறுத்த கற்றூண்களிடையே ஈரவாடை தேங்கி நின்றது. அவள் முதல் வரிசையில், செவி அவரை நோக்கும்படி ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

பாட எடுத்தது இறைவனை விளிக்கும் அந்தாதி. ஒரு பாட்டு முடியும் சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல். நடுவே மூச்சு வாங்க இடமுண்டு, நின்று திருத்திக்கொள்ள இடமில்லை.

அவர் வாய் திறந்தார். மண்டபம் ஓசையற்றிருந்தது. அந்த வெறுமையில் கால் ஊன்ற ஏதுமில்லாதவர்போல் தடுமாறி, ஏதோ ஒரு சுரத்தைப் பிடித்தார். இரண்டாம் பாட்டில் குரல் இறங்கியது. மூன்றாம் பாட்டில், அவருடன் சேர்ந்து பாடும் டீச்சரம்மா ஒரு பக்கம் போனார், மற்றவர் வேறு பக்கம் போயினர். போன பாட்டின் எதிரொலி வேறு வந்து இந்தப் பாட்டின் மேல் விழுந்தது. பின்வரிசையில் இருவர் வாய் பொத்திச் சிரித்தனர். மூவர் எழுந்து போயினர்.

முடிந்ததும் டாக்டர் அவர் காதருகே குனிந்தார். "ஐஸ் கம்பெனிங்க. நாம பழகுறது அதுக்கு மேல் மாடியில. கீழ மோட்டார் ராப்பகலா ஒரே சுருதியில உறுமிக்கிட்டே இருக்கும். அதையே பிடிச்சுக்கிட்டுப் பாடியிருக்கோம், ஒருத்தருக்கும் தெரியல."

ஒன்பது ஆண்டில் ஒரு சுருதிப்பெட்டி வாங்க எவருக்கும் தோன்றியதில்லை. தோன்றும்படி அங்கே குறை இருந்ததும் இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அவளுக்குக் கேட்டிராமலே போயிருக்கலாகாதா என்று அவர் நெஞ்சு கிடந்து தவித்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு?"

"எல்லாம். ரெண்டாவது பாட்டுல நீங்க கீழ போயிட்டீங்க. மூணாவதுல டீச்சரம்மா உங்களை விட்டுட்டு மேல போயிட்டாங்க."

அவர் தலை கவிழ்ந்தார். "சனிக்கிழமை மாடிக்கு வா. அங்க சரியா வரும். உனக்காகத் தனியா பாடுறேன்."

அவள் அவர் கையைப் பற்றினாள். "அந்த மோட்டார் சத்தத்துல உங்க குரல் எனக்குப் பிரிஞ்சு கேக்காதுங்க. இப்பல்லாம் ஒரு ஃபேன் ஓடினாலே பேச்சு புரியல. இந்த மாதிரி அமைதியான இடத்துலதான் கேக்குது."

குழுவினர் வேனுக்குப் போய்விட்டனர். வாயிற்காவலர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கயே பாடுங்க," என்றாள். "எனக்கு மட்டும்."

அவர் பாடினார். இரண்டாம் அடியிலேயே சுருதி இறங்குவது அவருக்குத் தெரிந்தது. தூக்கி நிறுத்தப் பார்த்தார், இயலவில்லை. அவள் செவியை அவரிடமிருந்து விலக்கவில்லை, அவர் பார்க்காதபடி முகத்தைத்தான் வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.