பத்து எண்ணும் வரை

பசிக்கு வருகிறவர்கள் பசித்தவர்களைப் போல வருவதில்லை. கலைக்கூடத்தின் பின்வாசலில் செவ்வாய்க்கிழமை தோறும் அவசர உணவுப் பொதி கொடுக்கிற எனக்கு அது தெரியும். இருப்பதிலேயே நல்ல துணியை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, எங்கேயோ விருந்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த மாதிரி வந்து நிற்பார்கள். அதிலும் தையல்காரக்காவின் துணி மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும். அவள் பங்குச் சோறும் பிள்ளைகளுக்குத்தான் போகிறது என்று தெருவுக்கே தெரியும்.

முன்மண்டபம் என் அண்ணனின் நாடகக் குழுவுக்கு. இரண்டுக்கும் நகரசபைதான் படி அளந்தது. இந்த வருடம் கடிதம் வந்தது: கலையா, உணவா, ஒன்றுக்குத்தான் நிதி. அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்வார்.

அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"நாடகம் எங்க போயிடும். சோறு நிக்கக் கூடாது. ஆனா உன் ஆளுங்கள பாத்தா எவன் நம்புவான்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என் ஆளுங்க ஆறு பேர வரிசைக்கு நடுவுல நிறுத்துறேன்."

"பொய் எதுக்குண்ணே?"

"பசி பொய்யா? அத காட்டத்தான் ஆளு தர்றேன்."

அறுபது குடும்பம். இந்தக் கதவு மூடினால் அவர்களுக்கு வேறு கதவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஒத்திகை. கிழிந்த சட்டை, கண்ணுக்குக் கீழே கரி. ஒரு நடிகை மயங்கி விழ வேண்டும். "விழுந்ததும் யாரும் ஓடக் கூடாது. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அப்பதான் பாக்குறவன் நெஞ்சுல இறங்கும்" என்றான். இருபது வருடமாக மேடையில் அண்ணன் சொல்லும் பாடம் அது. வரிசைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிவிடு என்றான். நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"பத்துதானே, எண்ணிட்டாப் போச்சு" என்று தையல்காரக்கா சிரித்தாள். பேசும்போது சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன், கேட்கவில்லை.

செவ்வாயன்று வந்த அதிகாரி அதிகம் பேசாதவர். வரிசையை ஒரு முனையிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கரி பூசிய முகம் ஒன்றின் முன் நின்றார். குனிந்து பார்த்தார்.

"போன மாச நாடகத்துல ராஜாவா வந்தது நீங்கதானே?"

அவர் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகினார்.

அப்போது தையல்காரக்கா விழுந்தாள். விழ வேண்டிய நடிகை அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். படியில் தலை மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வரிசை அசையவில்லை. சொல்லிக்கொடுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் எண்ணினேன். அண்ணன் ஆளை மாற்றிவிட்டான் என்று நினைத்தேன். நான் மாற்றிவிட்டேன் என்று அவன் நினைத்தானாம். ஏழு எண்ணும்போது இஸ்திரி மடிப்பில் சிவப்பு பரவியது.

அதிகாரி கை தட்டினார். "இந்தம்மாதான் நல்லா பண்றாங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

அடுத்த செவ்வாய் காலையில் கடிதம் வந்தது. நாடகக் குழுவுக்கு முழு நிதி. உணவு வரிசை நடிப்பு என்று தெரியவந்ததால் இன்று முதல் நிறுத்தம். அண்ணன் படித்துவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்தான். நான் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

பின்வாசலில் வரிசை நின்றது, இஸ்திரி போட்ட துணிகளோடு. தையல்காரக்கா நிற்கும் இடத்தில் அவள் புருஷன்.

"அவ இன்னும் கண்ணு முழிக்கலம்மா" என்றார். "பிள்ளைங்களுக்கு மட்டும் வாங்கிட்டுப் போயிடுறேன்."

இல்லை என்று நான் சொல்ல வேண்டும். கதவில் கை வைத்து நின்றேன். நான் பத்து எண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பையை விரித்துப் பிடித்தபடி அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.