குயின் ஆஃப் ஷீபா நைட்டி சென்டர்

முழுப் பொய்யைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். பாதி காதில் விழுந்த பேச்சு இருக்கிறதே, அது குடியைக் கெடுத்துவிட்டுத்தான் ஓயும்.

மைதீன் பாட்சா நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சங்கரன்கோவில் ரத வீதியில் நைட்டிக் கடை. இளவயதில் கடல்தாண்டிச் சபர் போய் ஜித்தாவில் ஒரு தையல் கடையில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சம்பாதித்ததெல்லாம் வீடு கட்டியதில் போய்விட்டது. மிஞ்சி நின்றது ஒன்றுதான்: தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற நினைப்பு.

மகளுக்குப் பெயர் வந்ததும் ஜித்தாவில் இருந்துதான். கூட வேலை பார்த்த ஏமன்காரர் ஒருவர், குர்ஆனில் வருகிற ஸபா தேசம் தங்கள் ஊர்ப்பக்கம்தான் என்று மார்தட்டுவார். ஸுலைமான் நபிக்கே தூது அனுப்பிய ராணி ஆண்ட தேசம், வெள்ளைக்காரன் அதை ஷீபா என்கிறான் என்பார். ஊரில் பெண் பிறந்த சேதி வந்தபோது மைதீன் பாட்சா போனில் சொன்ன பெயர் அதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதியவர் ஷிபா என்று குறுக்கிவிட்டார். போகட்டும், ராணி ராணிதான்.

மாப்பிள்ளை ரிஸ்வான் அகமது. குடும்பம் கடையநல்லூர், அவன் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தில். தமிழ் அவனுக்கு அரைகுறை. “என் மவ வெள்ளைக்கார ஊருக்குல்லா போறா” என்று மைதீன் பாட்சா ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

அவள் போய் ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தவர் வீடியோ காலில் மகளைக் கூப்பிட்டார். ஷிபா அடுக்களையில் நின்றிருந்தாள். வாப்பா முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் மாப்பிள்ளையின் குரல் இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொன்னது. தெருவில் போன பஸ்ஸின் ஹாரனில் முன்பாதி போய்விட்டது. பின்பாதி மட்டும் தெளிவாக விழுந்தது: “குயின் ஆஃப் ஷீபா!” கூடவே மாமியாரும் மைனியும் சிரித்த சிரிப்பு. ஷிபா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

மைதீன் பாட்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டியாட்டி, மாப்ள என்ன சொல்லுதாருன்னு? ஷீபா நாட்டு ராணியாம். நான் வச்ச பேருக்கு அர்த்தம் அந்த ஊர்லதான்ட்டி தெரிஞ்சிருக்கு.”

அவர் மனைவி மைமூனம்மாள் சிரிக்கவில்லை. “அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலங்க. பிள்ள ஏன் எந்திரிச்சா?”

“ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமாட்டி?”

அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? வாயை மூடிக்கொண்டாள். அவர் மூடவில்லை. பக்கத்துப் பூக்கடை சங்கரசுப்புவிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், சாந்து பூச வந்த கொத்தனாரிடமும் சொன்னார். அதோடு விட்டாரா? ‘ஷிபா நைட்டி சென்டர்’ என்றிருந்த போர்டை இறக்கிவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் ‘குயின் ஆஃப் ஷீபா’ என்று தெருவுக்கே தெரிகிற மாதிரி ஏற்றினார். சங்கரசுப்பு அண்ணாந்து பார்த்துவிட்டு, “பாய், நைட்டி வாங்குத பொம்பளைக்கு எல்லாம் இனிமே கிரீடமும் சேத்துக் குடுப்பீங்களோ” என்றார். மைதீன் பாட்சா போர்டைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவள் கூப்பிட்டாள். “போர்டு நல்லாருக்கு வாப்பா” என்றாள். பிறகு, “வாப்பா, நான் ஊருக்கு வந்துரட்டுமா?” என்றாள்.

“லீவுக்கா மக்கா?”

“இல்ல. வந்துருதேன். அங்கனயே இருந்துக்கிடுதேன்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பின்னால் அவர் தலையில் அடித்துக்கொண்டது. “புது ஊருன்னா அப்படித்தான் இருக்கும். ராணி மாதிரி வச்சிருக்கான் ஒன்ன. அனுசரிச்சுப் போ மக்கா. எல்லாருக்கும் இப்படி வாய்க்குமா?”

“வாப்பா, அந்த வார்த்த...”

“எந்த வார்த்த?”

“ஒண்ணுமில்ல வாப்பா. கடைல ஆள் நிக்காங்க போல. வச்சிருதேன்.”

வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. இவரோ ஒவ்வொரு தடவையும் போனை எடுத்ததும், “குயின் ஆஃப் ஷீபா எப்படி இருக்கா?” என்றுதான் ஆரம்பிப்பார். நல்லாயிருக்கேன் வாப்பா என்பாள். ஒரு மகனும் பிறந்தான். அவனுக்கு இரண்டு வயது ஆகப்போகிற நேரத்தில்தான் ஜஸீமா கடைக்கு வந்தாள்.

ஜஸீமா, மைதீன் பாட்சாவின் ஒன்றுவிட்ட தங்கை மகள். அவளும் இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டவள், வேறு ஊரில். கல்யாணம் ஒன்றுக்காக வந்திருந்தாள். வாசலில் நின்று போர்டைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

“என்ன மாமா, ஏசுத வார்த்தையப் போயி போர்டுல ஏத்தியிருக்கீங்க?”

“ஏசுத வார்த்தையா? ராணில்லா அது?”

“ராணிதான். ஆனா அங்க ராணியப் பத்தியா பேசுதாங்க? ஒருத்தி செத்த நேரம் உக்காந்துட்டான்னா, ‘இவளுக்கு என்ன, குயின் ஆஃப் ஷீபான்னு நெனப்பா’ன்னு கேப்பாங்க. நம்ம ஊர்ல சீமை மகாராணிம்போம்லா, அதேதான். யாரு மாமா சொன்னா ஒங்ககிட்ட?”

அவர் திரும்பி, கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்த மைமூனம்மாளைப் பார்த்தார். அவள் கையில் மடித்துக்கொண்டிருந்த நைட்டி அப்படியே இருந்தது.

“ஒங்க உம்மா உசுரோட இருந்தவரைக்கும் நான் அடுக்களைல உக்காந்தா, ‘வந்துட்டா சீமை மகாராணி’ம்பாங்க. அன்னைக்கு ஷிபா எந்திரிச்சா பாருங்க, நானும் அப்படித்தான் எந்திரிப்பேன்” என்றாள். “அத வெளங்கிக்க எனக்கு எதுக்கு இங்கிலீஷ்?”

மைதீன் பாட்சா அங்கேயே நின்றபடி மகளைக் கூப்பிட்டார். ஜஸீமா என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒதுங்கி நின்றாள்.

“மக்கா, வந்துரு. டிக்கெட் நான் போடுதேன். இன்னைக்கே போடுதேன்.”

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம். “என்ன வாப்பா திடீர்னு?”

“வாப்பாக்கு இப்பதாம்மா வெளங்குச்சு. ஜஸீமா சொன்னா. நான் முட்டாப்பய மக்கா. நான் வேற போன்ல எடுத்ததும் ஒன்ன அப்படியே...” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கே ஏன்மா சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். போர்டுக்குக் கீழ நீங்க நின்ன படத்தப் பாத்தேன் வாப்பா. அவ்வளவு சந்தோசமா ஒங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. அதக் கெடுக்க மனசு வரல.”

“இப்ப வந்துரு.”

“அன்னைக்கு நான் ஒத்தையாளு. ஒரு பெட்டிய எடுத்துட்டு வந்திருப்பேன். இப்ப போறதுன்னா பிள்ளைய விட்டுட்டுப் போன்னு சொல்லுதாங்க. எப்படி வாப்பா வருவேன்?”

அந்த நேரம் பார்த்து, அவளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது. “குயீன்... குயீன்...”

“யாரும்மா அது?”

“ஒங்க பேரன்தான். வீட்ல எல்லாரும் அப்படித்தானே கூப்புடுதாங்க. அதுதான் உம்மா பேருன்னு நெனச்சிக்கிட்டான். எவ்வளவு சொன்னாலும் மாத்த மாட்டேங்கான்.” அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. குரல் கிட்டத்தில் வந்தது. “அழாதீங்க வாப்பா. நீங்க நெனச்ச அர்த்தத்துல என்னக் கூப்புடுறதுக்கு இவன் ஒருத்தன் இருக்கான்லா.”

மைமூனம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். மைதீன் பாட்சா படியிறங்கித் தெருவுக்கு வந்தார்.

“என்ன பாய், ஒரு மாதிரி இருக்கீங்க?” என்றார் பூக்கட்டிக்கொண்டிருந்த சங்கரசுப்பு.

“ஏணி ஒண்ணு வேணும் அண்ணாச்சி, போர்ட எறக்கணும்” என்றார் மைதீன் பாட்சா. ஏணி வந்தது. போர்டைப் பார்த்தபடி அதன் அடியில் உட்கார்ந்தவர், கடை அடைக்கும்வரை ஏறவே இல்லை.