மேசையை விட்டு நகர்ந்தால் பூஜ்யம்

ஓட்டல் நிர்வாகப் படிப்பில், வரவேற்பு மேசைத் தேர்வில் மட்டும் அவள் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். ஜூனியர்கள் வைத்த பெயர் அரியர் அக்கா. இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது.

கல்லூரியின் பயிற்சி விடுதியில் நிஜ வாடிக்கையாளர்களும் தங்குவார்கள். தேர்வாளர் அவர்களில் ஒருவராக வருவார். யார், எப்போது என்று சொல்ல மாட்டார்கள். மேசையை விட்டு நகர்ந்தால் பூஜ்யம்.

காலையில் தலையணைக்காகக் கத்தியவரைத் தேர்வாளர் என்று நினைத்தாள். பிறகு சாவி தொலைத்த அம்மாவை. மதியம் ஒரு பெரியவர் பெட்டிகூட இல்லாமல் வந்து, சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"அக்கா, இவர்தான். என்னா நடிப்பு பாருங்க," என்று பூச்சாடி துடைத்துக்கொண்டிருந்த ஜூனியர் கிசுகிசுத்தாள்.

"நான் எப்படி உதவட்டும் சார்?" என்று அவள் மேசையிலிருந்தே கேட்டாள், பாடத்தில் உள்ள புன்னகையோடு.

"போன வருஷம் இங்கதான் தங்கினோம். அப்ப என் வீட்டுக்காரி இருந்தா."

நிஜமென்றால் இளித்துக்கொண்டு நிற்பது அசிங்கம். நடிப்பென்றால் மேசையை விட்டுப் போவது முட்டாள்தனம். கடைசியில் ஒரு தம்ளர் தண்ணீரோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, இடத்தை விட்டுட்டு வந்துட்டியே. உன்னைத் திட்ட மாட்டாங்களா?"

அக்கறையில் கேட்கிறாரா, மார்க் போடுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"திட்டுவாங்க சார்," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.