ஆணி அடங்கும் தூரம்

நான் கண்டுபிடித்த நிலப்பிளவு ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனது. பாறைக்குள் ஓடும் பிளவு என்ன சாவிக்கொத்தா, வைத்த இடத்தில் இல்லாமல் போக? ஆனால் போனது. அன்று சாயங்காலம் தோட்டத்துச் செம்மண் பாதையில் நிறுத்தியிருந்த காடிக்குப் பக்கத்தில் நின்று மடிக்கணினித் திரையைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பூமியின் காந்தத்தை அளப்பது என் வேலை. கோலா கிளாவாங் மலையிலிருந்து பெடாஸ் தோட்டங்கள் வரைக்கும் ஒரு காந்த வரைபடம் செய்கிறது எங்கள் பல்கலைக்கழகக் குழு. பூமியும் என்னைப் போலத்தான், ஓரிடத்தில் சும்மா இருக்காது. அதன் காந்தம் காலையில் ஏறும், உச்சிவெயிலில் குதிக்கும், பிறகு இறங்கும். அதனால் இரண்டு காந்தமானிகள் வேண்டும். ஒன்று ஓரிடத்தில் நின்றபடி அந்த ஏற்ற இறக்கத்தைப் பதிந்துகொண்டே இருக்கும். அதற்குக் காவல் அஃபீஃப். சிரம்பானில் அவன் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இவன் கடைக்குப் போகாமல் கருவிகளோடு வந்துவிட்டான். இன்னொரு காந்தமானியை அலுமினியக் கம்பத்தில் மாட்டிச் சுமந்துகொண்டு செம்பனை வரிசைகளுக்குள் நான் நடப்பேன். என் எண்ணிலிருந்து அவன் எண்ணைக் கழித்தால், மிஞ்சுவது மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறையின் குணம்.

அந்தத் தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை, அதன் மேற்குக் கரையில் ஒரு பழைய இடுகாடு. காலையில் மேற்குக் கரை, சாப்பிட்ட பிறகு காடியில் சுற்றிக்கொண்டு போய்க் கிழக்குக் கரை. எந்த நாள் எந்த வரிசையில் நடந்தாலும் ஓடைக்கு மேற்கே எண் தாழ்ந்திருந்தது, கிழக்கே உயர்ந்திருந்தது. படி வெட்டினாற்போல, ஓடையை ஒட்டியே. ஓடைகள் பிளவுகளின் மேல்தான் ஓட விரும்பும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும்.

என் மேலதிகாரி டாக்டர் புனிதன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"டோரின், செவ்வாக்கிழமை மீட்டிங்ல இததான் காட்டப் போறேன். உன் பேரப் போட்டு. இதுக்கு மேல உன்ன கான்ட்ராக்ட்ல வச்சிருக்க முடியாது லா."

நிரந்தர வேலை. அந்த வார்த்தைக்காக நான் எத்தனை மேடு ஏறியிருப்பேன்! இப்போது அது இன்னும் அவசரம். என் ஒப்பந்தம் முடிகிற மாதமும் என் பிள்ளை பிறக்க வேண்டிய மாதமும் ஒன்று. பிள்ளை விஷயம் புனிதனுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. அதனால் இந்த முறை நானும் நெல்சனும் வாயே திறக்கவில்லை.

நெல்சன் என் கணவன். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழு. காலையில் எனக்குச் சமைத்துக் கட்டிக் கொடுப்பதும் அவன்தான். இரும்பு விஷயத்தில் நான் படுத்திய பாட்டில் அவன் பாதி ஆளாகிவிட்டான். காந்தமானிக்கு இரும்பு ஆகாது. என் காலணியில் ஆணி கிடையாது, துணியில் கொக்கி கிடையாது. சாப்பாட்டு டப்பா பிளாஸ்டிக், பை துணிப்பை. அஃபீஃபின் பெல்ட்டையும் பிடுங்கிவிட்டேன்; பாவம், கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அலைந்தான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் தோட்டத்துக்குப் போவதில்லை. அஃபீஃப் ஜும்ஆவுக்குப் போக வேண்டும். ஆனால் செவ்வாய்க்கு முன்னால் ஒரு வரிசையையாவது மறுபடி நடந்து உறுதி செய்துவிடலாம் என்று அந்த வெள்ளி மட்டும் போனோம். அவன் பள்ளிவாசலுக்குப் போய் வரும்வரை கருவி தானாக ஓடியது. சாயங்காலம் எண்களைக் கழித்துப் பார்த்தால் மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. பாய் விரித்தாற்போல ஒரே மட்டம். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. சூரியனில் புயல் ஏதாவது அடித்ததா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. கணக்கை மறுபடி போட்டேன். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

"உக்காரு லா. காலு வீங்கும்" என்றான் நெல்சன். "பாறை எங்க போயிரப் போவுது?"

"போயிருச்சே! அதானே சொல்றேன்!"

அவன்மேல் ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் மறுநாளுக்காகக் கோழியைக் கழுவிக்கொண்டிருந்தான். தவக்காலத்து வெள்ளியில் நாங்கள் கறி தொடுவதில்லை; அதனால் அன்று முருங்கைக்காய்ச் சாம்பாரோடு போயிற்று.

சனிக்கிழமை காலை, நடக்கப் போகாமல் அஃபீஃபின் காந்தமானி முன்னாலேயே குந்திவிட்டேன். எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, ஒழுங்காக, சாதுவாக.

"கா, சாப்பாட்டுப் பையக் கொடுங்க. கொரங்கு வந்துரும்" என்றான் அஃபீஃப்.

பையை வாங்கி, கருவிக்கு ஒரு கை தூரத்தில் கட்டியிருந்த கயிற்றில் வழக்கம்போல் தொங்கவிட்டான். எண் சட்டென்று குதித்தது. பன்னிரண்டு நானோடெஸ்லா; ஓடையின் இரு கரைகளுக்கும் இருந்த அதே வித்தியாசம்.

"அத எடு" என்றேன்.

எடுத்தான். இறங்கியது.

"மாட்டு."

ஏறியது.

பையைப் பிடுங்கிப் புல்லில் கவிழ்த்தேன். டப்பா, கரண்டி, எல்லாம் பிளாஸ்டிக். பையின் அடியில் மடித்துப் போட்டிருந்த செய்தித்தாளை உதறியபோது விழுந்தது ஓர் ஆணி. விரல் நீளம், துருப்பிடித்த பழைய ஆணி.

அஃபீஃப் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "கா, இது கறிச்சோத்துக்கு வைக்கிறதுதானே? பேய் அண்டாம இருக்க?"

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இறைச்சி கட்டிக்கொண்டு வெளியே போனால் கூடவே கரித்துண்டோ ஆணியோ வைப்பது தோட்டத்து வழக்கம். நெல்சன் தோட்டத்தில் வளர்ந்தவன். கறி இருந்த நாளெல்லாம் ஆணி இருந்திருக்கிறது. காலை முழுவதும் பை அஃபீஃபின் கருவிக்குப் பக்கத்தில் தொங்கி எண்ணை ஏற்றிவிட்டது. அதைக் கழித்ததும் மேற்குக் கரை தாழ்ந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுப் பையைக் காடியில் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. சாப்பிடும் நேரத்துப் பதிவை நாங்கள் நடமாடுகிறோம் என்று வெட்டி எறிந்துவிடுவோம், அதனால் எண் விழுந்ததும் கண்ணில் படவில்லை. சாம்பார் வெள்ளியில் ஆணியும் இல்லை, பிளவும் இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை. ஊரார் பெல்ட்டையெல்லாம் கழற்றியவளின் பைக்குள் ஆணி!

காடிக்குப் போய்க் கைப்பேசியை எடுத்து நெல்சனைக் கூப்பிட்டேன்.

"ஆணி வச்சியா?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கேக்குறேன்ல. கோயில்ல முன்னுக்கு நின்னு பாடுற ஆளு நீ. ஃபாதருக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு. என் வேலையே போச்சு, தெரியுமா?"

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல டோரின்" என்றான் மெல்ல. "ஆனா ரெண்டு தடவ போச்சு. ரெண்டு தடவையும் நான் ஒண்ணும் செய்யல. இப்ப நீ கறிய எடுத்துக்கிட்டு அந்தப் பழைய இடுகாட்டு ஓரமா நடக்குற. நான் பேக்டரில நிக்கிறேன். வேற என்னா செய்யச் சொல்ற?"

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன்மேல் கோபமும் போகவில்லை, அவன் பாவம் என்ற நினைப்பும் போகவில்லை. அஃபீஃப் நாகரிகமாகக் குரங்குகளை விரட்டப் போய்விட்டான்.

பிறகு புனிதனைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிளவு இல்லை சார், ஆணி.

"ஒரு நாள் அளவுதானே மட்டமா வந்துச்சு?" என்றார். "அந்த வெள்ளிக்கிழமைதான் தப்புன்னு வச்சுக்கலாமே?"

வைத்துக்கொள்ளலாம்தான். ஆணியை ஓடையில் எறிந்தால் முடிந்தது, அஃபீஃப் வாய் திறக்க மாட்டான். நிரந்தர வேலை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"இல்ல சார். ஆணிய மாட்டி மாட்டிப் பாத்துட்டேன். மேற்குப் பக்கம் பூரா மறுபடி நடக்கணும்."

"அப்ப செவ்வாக்கிழமை காட்ட ஒண்ணுமில்ல. உன் கான்ட்ராக்ட் விஷயம் அப்புறம் பேசலாம்." வைத்துவிட்டார்.

வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை. ஆணியைப் பையில் போட்டு அஃபீஃபிடம் கொடுத்து, கருவியிலிருந்து ஒவ்வொரு மரமாகத் தள்ளிப் போகச் சொன்னேன். முதல் மரத்தில் எண் லேசாகச் சிணுங்கியது. இரண்டாவதில் அடங்கிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது மரத்தில் சிவப்பு நாடா கட்டினேன். இனிமேல் சோற்றுப் பை அங்கேதான். ஆணியைக் காடியின் முன்பெட்டியில் எறிந்துவிட்டு வீடு திரும்பினேன். அன்று முழுவதும் நெல்சனோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் பையை நீட்டினான். கண்ணைப் பார்க்கவில்லை.

"கோழிதான். ஆணி வைக்கல. பயப்படாத."

தோட்டத்தில் பையைச் சிவப்பு நாடா மரத்தில் தொங்கவிட்டோம். கருவி சாதுவாக ஓடியது. கம்பத்தைத் தோளில் வைத்து மேற்கு வரிசையின் முதல் மரத்துக்குப் போனேன். எதிரே இடுகாட்டுச் சிலுவைகள் புல்லுக்குள் சாய்ந்து நின்றன. இத்தனை நாள் அவற்றைத் தாண்டித்தான் நடந்தேன், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று கால் எழவில்லை. வயிற்றில் கை வைத்தேன். எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

கம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் காடிக்கு நடந்தேன்.

"என்னா கா, மறந்துட்டீங்களா?" என்றான் அஃபீஃப்.

முன்பெட்டியைத் திறந்து ஆணியை எடுத்தேன். மூன்றாவது மரத்துக்குப் போய், செய்தித்தாளில் சுற்றி, பைக்கு அடியில் செருகினேன்.

"எண் அசையுதா?" என்று கத்தினேன்.

"இல்ல கா. ஒண்ணும் அசையல."

வேகமாகத் திரும்பி வந்து கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.