கைவசம் மூன்று கேள்விகள்

அந்தக் கேள்வி திரைக்கு வந்தது பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. நான் அதைப் பார்த்தது பதினொன்று நாற்பத்தாறுக்கு. நடுவில் வீணாய்ப் போன நான்கு நிமிடங்களுக்கு நான்தான் பொறுப்பு. சங்கச் செயலாளர் அப்படிச் சொல்லவில்லை, என் நாத்தனாரும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

கேள்வி இதுதான்: "கிளாஸில் தண்ணீரே தெரியவில்லை. தீ எரிகிறது. தண்ணீர் விடலாமா?"

பாய்லர் பக்கமே போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் என்பது பாய்லரின் முகப்பில் நிற்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். எதுவுமே தெரியவில்லை என்றால் உள்ளே இரும்பு வெறும் தீயில் காய்ந்துகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் அத்தனையும் நொடியில் ஆவியாகும், பாய்லர் வெடிக்கும். திறந்தவருக்குக் கதவு வரை ஓடக்கூட நேரம் இருக்காது. தீயை அணைக்க வேண்டும், தண்ணீரைத் தொடக்கூடாது, எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

பாய்லர் ஓட்டுகிறவருக்கு இது கூடவா தெரியாது என்று கேட்கலாம். தெரியும். தேர்வில் எழுதியிருப்பார். ஆனால் காலியான கண்ணாடிக்கு முன்னால் தனியாக நிற்கிறவரின் கை, தானாகவே தண்ணீரைத்தான் தேடும் என்பார்கள்.

நான் பாய்லரைத் தொட்டவள் இல்லை. பாய்லர் இயக்குபவர்கள் சங்கத்தில் ஆறு வருடமாக நேரலை வகுப்பு நடத்துகிறவள். மாதம் ஒரு நாள், காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. சலவைக்கூடத்திலும் பால் ஆலையிலும் மருத்துவமனையின் நிலவறையிலும் வேலை பார்க்கிறவர்கள் கைப்பேசியை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, வேலைக்கு நடுவிலேயே பார்ப்பார்கள். முழு மணி நேரம் பார்த்தால் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கணக்கில் வரும். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வாயைத் திறப்பதற்குத்தான் ஆளில்லை.

பேச்சாளர் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்து விழித்துக்கொண்டிருப்பார். ஒரு கேள்வி வராது. அதைவிடக் கொடுமை எங்கள் தொழிலில் கிடையாது. அதனால் மாதாமாதம் மூன்று கேள்விகளை நானே எழுதிக் கைவசம் வைத்துக்கொள்வேன். நேரம் பார்த்து, இல்லாத ஓர் உறுப்பினரின் கணக்கிலிருந்து அனுப்புவேன். சும்மா எழுத மாட்டேன். வியர்க்க விறுவிறுக்க ஒருவர் நின்று கேட்பது போலவே எழுதுவேன். "அசல் தோத்துடும் போங்க" என்று செயலாளர் ஒருமுறை பாராட்டினார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாதத் தலைப்பு எரிபொருள் சிக்கனம். பேச வந்தவர் ஓய்வுபெற்ற பாய்லர் ஆய்வாளர். நாற்பது வருட அனுபவம், மூக்கு நுனியில் கோபம். "நடுவுல யாராவது குறுக்கே வந்தீங்கன்னா மைக்கைக் கழட்டி வச்சிட்டுப் போயிடுவேன்" என்று எங்களிடம் முன்பே சொல்லிவிட்டார். சிக்கனம் பேசினால் சபை தூங்கிவிடும். எழுப்புவதற்கென்றே அவருக்குப் பிடித்த சங்கதி ஒன்றை என் முதல் கேள்வியாக எழுதியிருந்தேன்: "ஐயா, கிளாஸில் தண்ணீரே தெரியவில்லை, தீ எரிந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் விடலாமா?" அவரிடம் இதைக் கேட்டுவிட்டால் போதும், பத்து நிமிடம் பொரிந்து தள்ளுவார்.

ஆய்வாளர் முன்னறையில் கேமராவுக்கு எதிரில். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் நாத்தனாரும். அவள் என் கணவரின் தங்கை. வேலைக்குச் சிபாரிசு செய்தவள் நான் என்பதை நானும் சொல்லிக்காட்ட மாட்டேன், அவளும் மறக்க மாட்டாள். வரும் கேள்விகளைத் தரம் பிரித்து ஆய்வாளரின் திரைக்கு அனுப்புவது அவள் வேலை. எழுதி வைத்த மூன்றையும் காலையிலேயே அவளிடம் காட்டிவிடுவேன்.

பதினொன்று நாற்பத்தாறுக்கு அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணி, உங்க தண்ணிக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வச்சிருக்கேன். இன்னைக்கு அதிசயமா நிஜக் கேள்வியே நாலு வந்திருக்கு. முதல்ல அதெல்லாம் முடியட்டும்."

"நான் இன்னும் ஒண்ணுமே அனுப்பலயே."

"விளையாடாதீங்க. இதோ இருக்கே."

அவள் திரையைப் பார்த்தேன். என் கேள்வியேதான், ஆனால் "ஐயா" இல்லை. பெயர் இல்லை. எண் 217 என்று மட்டும் இருந்தது. என் பொய்க் கணக்குக்கு எண் 12.

அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

"இது என்னோடது இல்ல" என்றேன். "இது யாரோ நிஜமா கேட்டிருக்காங்க. இப்ப. பாய்லர் முன்னாடி நின்னுக்கிட்டு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. முதலில் அவளை நாலு வார்த்தை திட்டத்தான் வாய் துடித்தது. என்னவென்று திட்டுவது? அச்சு அசல் மாதிரி பொய் எழுதியவள் நான். அவள் அதை நம்பினாள், அவ்வளவுதானே.

கேள்விக்குக் கீழே, "தண்ணீர் விடாதீர்கள், தீயை அணையுங்கள்" என்று தட்டி அனுப்பினேன். படித்துவிட்டால் பக்கத்தில் ஒரு குறி விழும். விழவில்லை. மனிதர் கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டு வால்வுப் பக்கம் போயிருக்க வேண்டும். குரல் மட்டும்தான் இனி அவரை எட்டும். அதுவும் என் குரல் போதாது. முகம் தெரியாத ஒருத்தி கத்தினால் எவன் கேட்பான்?

கதவைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குள் ஓடினேன். ஆய்வாளர் புகைபோக்கியைப் பற்றி நிறுத்தி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். கேமரா என் மேல் இருந்தது. தலைகூட வாரியிருக்கவில்லை, அதை யார் கண்டது. அவர் மூக்கு விடைத்தது.

"என்னம்மா இது! நான்தான் அன்னைக்கே..."

"ஐயா, ஒருத்தருக்குக் கிளாஸ்ல தண்ணி இல்ல. தீ எரியுதாம். தண்ணி விடலாமான்னு கேட்டு நாலு நிமிஷம் ஆச்சு. நாங்க கவனிக்கல."

ஆய்வாளர் மேல் எனக்கு இருந்த அத்தனை எரிச்சலும் அந்த நொடியில் போய்விட்டது. ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேமராவுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"தம்பி, தண்ணி விடாதே! வால்வைத் தொடாதே! தீயை அணை! அணைச்சிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போ! தண்ணி விடாதே!"

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் பின்னறைக்கு ஓடி வந்தேன்.

"நம்பரை எடு. இருநூத்திப் பதினேழு யாரு?"

"அண்ணி, பேர் போடாம கேக்குறவங்க விவரத்தைத் திறந்து பார்க்க மாட்டோம்னு எழுத்துல கொடுத்திருக்கோம்."

"ஆளே இருக்க மாட்டாருடி! திற!"

திறந்தாள். ஒரு சலவை ஆலை. மாடியில் இஸ்திரி போடும் பெண்கள் இருப்பார்கள். அதிலிருந்த கைப்பேசி எண்ணைத் தட்டினேன். அழைக்கும் பொத்தானுக்கு மேலே விரல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் நேரலை சொன்னவுடன் போய்ச் சேராது. இங்கே பேசுவது அங்கே கேட்க முப்பது நொடி ஆகும். ஆய்வாளரின் குரல் இன்னும் வழியில் இருந்தது. அந்த ஆள் பார்ப்பதும் கைப்பேசியில், நான் அழைப்பதும் அதே கைப்பேசிக்கு. மணி அடித்தால் நேரலைச் சத்தம் நின்றுவிடும். அவர் எடுக்காமல் விட்டால் ஆய்வாளர் கத்தியதும் காதில் விழாது.

"போடுங்க அண்ணி!"

"இரு. குரல் போய்ச் சேரட்டும்."

"அதுக்குள்ள திறந்துட்டாருன்னா?"

சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தபடி நின்றேன். அழைப்பதா, காத்திருப்பதா? எதைச் செய்தாலும் தப்பாகப் போகலாம். பன்னிரண்டு, பதின்மூன்று. நாத்தனார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் மறுநாள்தான் வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆய்வாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. முப்பது ஆயிற்று. முதலில் சொன்னது காதில் விழாமல் இரண்டாவது விழுந்திருக்கலாம் என்று இன்னும் பத்து நொடி கொடுத்தேன். பிறகு அழைத்தேன்.

மணி போனது. எடுக்கவில்லை.

அதற்குள் உறுப்பினர்கள் கருத்து எழுதும் பக்கம் கிடுகிடுவென்று நிறைந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்கச் சொன்னால் வாயே திறக்காத கூட்டம் இப்போது வரிசையாகக் கைதட்டல் படம் போட்டது. "அருமையான நடிப்பு." "அந்த மேடம் ஓடி வந்ததைப் பார்த்து நிஜமென்றே நினைத்துவிட்டேன்." "மாதாமாதம் இப்படி ஒரு நாடகம் போடுங்கள்." செயலாளர் தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எழுதியிருந்தார்: "பிரமாதம்! முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருக்கலாமே."

அந்தத் திரையைத் தூக்கி உடைக்க வேண்டும் போல இருந்தது. மறுபடி அழைத்தேன். அழைப்பு முடியும் வரை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அழைக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆளையே தெரியாது, ஒரு நம்பர்தான் தெரியும், ஆனாலும் வீட்டு மனிதர் ஆபத்தில் இருப்பது போல அழுதேன்.

எடுத்தார். மூச்சு இரைத்தது. பின்னால் பெண்கள் பேசும் சத்தமும் வண்டிகளின் சத்தமும் கேட்டன. வெளியே நிற்கிறார்கள்.

"அணைச்சிட்டேங்க" என்றார். "எல்லாரையும் ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ஐயா சத்தம் போட்டது கேட்டுச்சு. வால்வுல கை வச்சிருந்தேன். இன்னும் திருகல, அவ்வளவுதான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு முன்னறைக் கண்ணாடியைத் தட்டி ஆய்வாளருக்குச் சைகை காட்டினாள். அவர் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றார் போனில் இருந்தவர். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், நிதானமான குரல். "நான் கேட்டதுக்கு அப்புறம் கேட்டவங்களுக்கெல்லாம் பதில் வந்துச்சு. எனக்கு மட்டும் வரல. பார்த்துட்டே இருந்தேன். சரி, சாதாரண விஷயம் போல, அதான் பெரியவங்க பொருட்படுத்தலன்னு நினைச்சேன். அந்தத் தைரியத்துலதான் வால்வுகிட்ட போனேன்."

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். கேள்விகள் அதிகம், இணைப்பில் கோளாறு என்று எத்தனையோ இருக்கிறது. அவரும் நம்பியிருப்பார். ஆனால் சொல்ல நாக்கு எழவில்லை.

"உங்க கேள்வியைப் பொய்க் கேள்வின்னு நினைச்சிட்டோம்" என்றேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"இதைப் போய்ப் பொய்யா யாருங்க கேப்பாங்க?"

"நான்தான்" என்றேன்.