பொதுக் கோப்பில் ஒரு சுழி

ஜாலான் புசார் தெருவிலிருந்த அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷமே அருள்ஜோதியும் வந்து சேர்ந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. புத்தாண்டு பிறந்தால் கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு என்று முதலாளி துரைசாமி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி மாடாய் உழைத்தாள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு அழைப்பிதழுக்கும் நீளமாக ஒரு கோப்பு. எழுத்தின் அளவு, வரி இடைவெளி, ஓரக்கோடு எல்லாம் அதற்குள் குழம்பிக் கிடக்கும். அச்சகத்தின் தொலைபேசி எண் மாறினால்கூட அத்தனையையும் திறந்து திருத்த வேண்டும். அவள் அதைப் பிரித்துப் போட்டாள். ஓரக்கோட்டுக்கு ஒரு சின்னக் கோப்பு, பெயர் வரிக்கு ஒன்று, பிள்ளையார் சுழிக்கு ஒன்று, சிலுவைக்கு ஒன்று. எந்த அட்டைக்கு எது வேண்டுமோ அதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லா அட்டையிலும் தானாகவே சேரும் பொதுக் கோப்பில் அளவுகளைத் தவிர வேறொன்றும் கிடையாது.

முதலாளியின் அக்காள் மகன், அவளோடு வேலை பார்த்த அழகப்பனுக்குச் சுழியை ஒவ்வொரு தடவையும் தனியாகச் சேர்ப்பது சலித்துப்போனது. எந்த வேலையும் சுழி போட்டுத்தானே தொடங்க வேண்டும் என்று, அவள் விடுப்பில் இருந்த சனிக்கிழமை, அதைப் பொதுக் கோப்பிலேயே போட்டுவிட்டான். அவள் சரிபார்த்து வைத்திருந்த அட்டைகளை அதோடு அச்சுக்கும் அனுப்பினான்.

திங்கட்கிழமை சவரிராஜ் வந்தார். அவருடைய அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கான அட்டைகள். சிலுவைக்கு மேலே பிள்ளையார் சுழி.

"நீயும் மாதா கோயிலுக்குப் போற பொண்ணுதானேம்மா? இதைப் பாக்கமாட்டியா?" என்றார் அவளிடம்.

மறுபடி அடித்துத் தருவதாகச் சொல்லித் துரைசாமி அவரை அனுப்பிவைத்தார். அருள்ஜோதி பொதுக் கோப்பைத் திறந்து காட்டினாள். அவர் பார்த்தார். பார்த்தும், "பையன் பக்தியில பண்ணிட்டான், விடு லா. ஒரு இடத்துல தொட்டா ஊரெல்லாம் மாறுற மாதிரி யாரு பண்ணச் சொன்னா?" என்றார்.

பிரிவை இனி அழகப்பன் கவனிப்பானாம். அவள் பிழை திருத்தலாமாம். வேலை சீக்கிரம் முடிவதால் கோப்புகள் மட்டும் அப்படியே இருக்க வேண்டுமாம். எது எதற்கு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டுமாம்.

"தப்பு அவரோடது, பொறுப்பும் அவருக்கா? சொல்லித் தரமாட்டேன், முதலாளி." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

துரைசாமி தடுக்கவில்லை. அழகப்பன் திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

"தேவையில்ல மாமா. பேரைப் பாத்தாலே தெரியுது."

யார் வந்து உட்கார்ந்தாலும் புரிய வேண்டும் என்றுதான் ஒவ்வொரு கோப்புக்கும் அவள் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்திருந்தாள்.